இந்திப் பேசும் படத்தின் தொடக்க காலப் பாடல்களும் பாடகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இந்திப் பாடல் என்றாலே நம்மில் பலருக்கு 1950களின் லதாவும் ரஃபியும் முகேஷும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முந்தைய பதினைந்து, பதினாறு ஆண்டுகளில், அதாவது 1931 முதல் 1947 வரை, பெரும்பாலும் திரையில் நின்றவர்களே தம் குரலில் பாடினார்கள். பாடத் தெரிந்ததாலேயே பலர் நடிகரானார்கள். அந்தக் காலத்துப் பாடல்களைப் புதிதாகக் கேட்கத் தொடங்குவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன.

இந்தித் திரையின் முதல் பாட்டு எது? அதை இன்று கேட்க முடியுமா?

முதல் இந்திப் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியானது. இம்பீரியல் நிறுவனத்தின் அர்தேஷிர் இரானி அதை இயக்கினார். மாஸ்டர் விட்டலும் ஜுபைதாவும் முதன்மை வேடங்களில் நடித்தார்கள். இளைஞர் பிருத்விராஜ் கபூரும் அதில் இருந்தார். படத்தில் ஏழு பாட்டுகள். அவற்றுள் ஒரு பக்கிரி பாடும் 'தே தே குதா கே நாம் பே பியாரே' என்ற பாட்டையே இந்தித் திரையின் முதல் பாட்டாகக் கொள்வது வழக்கம். பக்கிரியாக நடித்த வஜீர் முகமது கானே அதைப் பாடினார். ஆர்மோனியம், தபலா, வயலின் என்ற மிகச் சிறிய பக்கவாத்தியமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

அந்தப் பதிவை இன்று கேட்க முடியாது. படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை; அந்தப் பாட்டுகளுக்கு அப்போது இசைத்தட்டும் வெளியிடப்படவில்லை. படச்சுருளோடு ஒலியும் போய்விட்டது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. அதற்குள் முப்பது ஆண்டுக்கும் மேல் கடந்துவிட்டிருந்தன. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளில் எடுக்கப்பட்ட படங்கள் வெந்தும் மட்கியும், வெள்ளிக்காக உருக்கப்பட்டும் அழிந்த காலம் அது. ஆகவே 'ஆலம் ஆரா பாட்டு' என்ற பெயரில் சுற்றிவரும் ஒலிகளை மூலப் பதிவு என்று நம்ப வேண்டாம்.

இதில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. 'ஆலம் ஆரா'வில் இரானியிடம் உதவியாளராக இருந்த எச்.எம். ரெட்டி, அதே ஆண்டு அக்டோபரில் வெளியான 'காளிதாஸ்' படத்தை அதே பம்பாய் நிறுவனத்துக்காக இயக்கினார். டி.பி. ராஜலட்சுமி அதில் தமிழில் பேசிப் பாடினார். இந்தியின் முதல் பேசும் படமும் தமிழின் முதல் பேசும் படமும் ஒரே கூரையின் கீழ் பிறந்தவை.

அக்காலத்து ஒரே படத்தில் எழுபது பாட்டு இருந்ததாகச் சொல்வது உண்மையா?

உண்மைதான். கல்கத்தாவின் மதன் தியேட்டர்ஸ் 1932இல் எடுத்த 'இந்திரசபா'வில் சுமார் எழுபது பாட்டுகள் இருந்தன. ஜஹானாரா கஜ்ஜனும் மாஸ்டர் நிசாரும் அதில் பாடி நடித்தார்கள். லக்னோவில் ஆகா ஹசன் அமானத் 1850களில் எழுதிய இசை நாடகமே அதன் மூலம். அந்த நாடகத்தில் பேச்சைவிடப் பாட்டே மிகுதி. திரைக்கு வந்தபோதும் அப்படியே வந்தது.

இதைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், படத்துக்கு வந்த கூட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஊர் ஊராகச் சென்றும் பார்சி நாடகக் குழுக்கள் பல பத்தாண்டுகளாக உருது, இந்துஸ்தானி நாடகங்களை நடத்தி வந்தன. பாட்டில்லாத நாடகத்தை அந்த ரசிகர்கள் அறிந்ததில்லை. மதன் நிறுவனமே நாடகக் கொட்டகையிலிருந்து வளர்ந்தது. அதன் நடிகர்களும் பாடலாசிரியர்களும் ஆர்மோனியக்காரர்களும் அங்கிருந்தே வந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் மரபிலிருந்து வந்த நடிகர்களை வைத்துத் தமிழ்ப் படங்கள் ஐம்பது பாட்டுகளோடு வந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிராக இராது. ஊமைப் படக் காலத்தில் நின்றுபோயிருந்த பாட்டு, படம் பேசத் தொடங்கியவுடன் பழைய இடத்துக்குத் திரும்பியது, அவ்வளவே.

பாட்டை எப்படிப் பதிவு செய்தார்கள்?

நடிக்கும்போதே பாட வேண்டும்; பாடும்போதே வாத்தியம் வாசிக்க வேண்டும்; அனைத்தும் ஒரே நேரத்தில் பதிவாகும். பின்னால் திருத்த வழியில்லை. மைக் படத்தில் தெரியக்கூடாது என்பதால் அதைப் பூச்சாடியிலோ திரைச்சீலை மடிப்பிலோ மறைத்து வைப்பார்கள். வாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலும் அரங்கச் சுவருக்குப் பின்னாலும் நின்று வாசிப்பார்கள். நடிகர் மைக்கைவிட்டு இரண்டு அடி விலகினால் குரல் மங்கும். ஆகவே பாடுகிறவர் பெரும்பாலும் ஓரிடத்திலேயே நிற்பார் அல்லது உட்கார்ந்திருப்பார். அக்காலப் பாட்டுக் காட்சிகளில் அசைவே இல்லையே என்று இன்று குறைப்படுவோர் உண்டு. அந்த அசையாமைக்குக் காரணம் இயக்குநரின் கற்பனைப் பஞ்சம் என்பதைவிட மைக் இருந்த இடம் என்பதே பொருத்தம்.

வெளிச் சத்தம் இன்னொரு தொல்லை. இம்பீரியல் ஸ்டூடியோ ரயில் பாதையை ஒட்டியிருந்ததால், 'ஆலம் ஆரா'வின் பெரும்பகுதியை ரயில் போக்குவரத்து ஓய்ந்த நள்ளிரவுக்குப் பின்னரே எடுத்தார்கள். ஒலிப்புகாத அரங்கு எதுவும் அப்போது அங்கே கிடையாது.

இந்தக் கட்டுப்பாடு பாட்டின் அமைப்பையே தீர்மானித்தது. வாத்தியம் குறைவு, இடையிசை சிறிது, சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால் மெட்டு குரலைச் சுற்றியே அமையும். 1936இல் வந்த 'அச்சூத் கன்யா'வில் அசோக் குமாரும் தேவிகா ராணியும் பாடும் 'மைன் பன் கீ சிடியா' நல்ல எடுத்துக்காட்டு. இருவரும் தேர்ந்த பாடகர்கள் அல்லர். இசையமைத்த சரஸ்வதி தேவி அதை நன்கு அறிந்து, இருவருக்கும் எட்டும் சுர எல்லைக்குள், ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்ளும்படி, பள்ளிக்கூடப் பாட்டுபோல மெட்டைச் சிறு சிறு அடிகளாகப் பிரித்தார். படம் இன்றும் கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்: தேவிகா ராணி மேல் சுரத்தைத் தொடும் இடங்களில் எல்லாம் மெட்டு உடனே இறங்கி அவரைக் காப்பாற்றிவிடும்.

பாடத் தெரியாத நடிகர்கள் என்ன ஆனார்கள்?

சிலர் கற்றார்கள், சிலர் ஒதுங்கினார்கள், சிலருக்குப் பேசுவதே பெரும்பாடாக இருந்தது. ஊமைப் படத்தின் உச்ச நட்சத்திரமாக விளங்கிய சுலோச்சனா, இயற்பெயர் ரூபி மையர்ஸ், இந்துஸ்தானி சரளமாகப் பேச வராததால் சிறிது காலம் விலகியிருந்து மொழியைப் பயின்று, 1932இல் 'மாதுரி'யின் பேசும் வடிவத்தோடு திரும்பி வந்தார். மாஸ்டர் விட்டல் சண்டைக் காட்சிகளில் பேர்பெற்றவர். அவருடைய பேச்சு வழக்கு ஒத்துவராததால், 'ஆலம் ஆரா'வில் அவரைப் பல காட்சிகளில் பேச்சின்றியே வைத்திருந்தார்கள் என்பது திரை வரலாற்றாளர்கள் சொல்லும் செய்தி. பேசும் படம் வந்தபின் அவருடைய புகழ் இந்தியைவிட மராத்தியிலேயே தொடர்ந்தது.

எதிர்த் திசையில் நடந்ததற்கு அசோக் குமார் சான்று. பாம்பே டாக்கீஸின் படச்சுருள் கழுவும் கூடத்தில் வேலை பார்த்தவர். 1936இல் 'ஜீவன் நையா'வின் கதாநாயகன் பாதியில் விலகிப்போக, அந்த இடத்தில் இவரை நிறுத்தினார்கள். நடிகரானதும் பாடவும் வேண்டியதாயிற்று. அந்தப் படத்தில் அவர் தயங்கித் தயங்கிப் பாடிய 'கோயி ஹம்தம் ந ரஹா' பாட்டைப் பின்னர் 1961இல் 'ஜும்ரூ'வில் அவருடைய தம்பி கிஷோர் குமார் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், இருபத்தைந்து ஆண்டுகளில் திரைப்பாட்டு எவ்வளவு தூரம் வந்தது என்பது விளங்கும்.

பின்னணிப் பாடல் எப்போது தொடங்கியது?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை 1935. கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்துக்காக நிதின் போஸ் வங்காளியில் 'பாக்ய சக்ரா' என்றும் இந்தியில் 'தூப் சாவ்ன்' என்றும் எடுத்த படத்தில், பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து, படப்பிடிப்பின்போது ஒலிக்கவிட்டு நடிகர்களை வாயசைக்கச் செய்தார்கள். இசை ராய்சந்த் போரால். ஒலிப்பதிவு நிதினின் தம்பி முகுல் போஸ். 'மைன் குஷ் ஹோனா சாஹூன்' என்ற குழுப்பாட்டைப் பாருல் கோஷ், சுப்ரபா சர்க்கார், ஹரிமதி ஆகியோர் பாடினார்கள்.

அதே ஆண்டில் பம்பாயிலும் ஒரு பாட்டில் இது நடந்தது. 'ஜவானி கீ ஹவா' படத்தில் நடித்த சந்திரபிரபாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, இசையமைப்பாளரும் அவருடைய அக்காளுமாகிய சரஸ்வதி தேவி மறைவில் பாட, தங்கை வாயசைத்தார். ஆனால் இதைக் கொள்கையாகச் செய்தது கல்கத்தாதான். பம்பாயில் நடந்தது அன்றைய ஆபத்துக்கு உதவிய தந்திரம்.

வழி தெரிந்துவிட்டதால் எல்லோரும் உடனே மாறிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். முன்பதிவு செய்த பாட்டுக்கும் நடிகரே பாடுவது இன்னும் பத்தாண்டு தொடர்ந்தது. பாடும் முகமும் குரலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள். தமிழிலும் 1938இல் ஏ.வி. மெய்யப்பன் 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமனைப் பின்னணி பாடவைத்த பிறகும், பாகவதரும் சின்னப்பாவும் தாமே பாடி நடித்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா!

சைகலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? மூக்கால் பாடுவதுபோல் இருக்கிறதே?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. முதலில் மனிதரைச் சொல்லிவிடுவோம். குந்தன் லால் சைகல் 1904இல் ஜம்முவில் பிறந்தவர். முறையான குருகுல வாசம் இல்லை. தாயாரோடு பஜனைகளுக்குப் போனார். ராம்லீலாவில் சீதையாக வேடமிட்டார். ரயில்வேயில் நேரக்காப்பாளராகவும் ரெமிங்டன் தட்டச்சுப் பொறி விற்பனையாளராகவும் ஊர் ஊராகத் திரிந்தார். கல்கத்தா வந்தபோது பி.என். சர்க்கார் 1931இல் தொடங்கியிருந்த நியூ தியேட்டர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. முதல் படங்களில் 'சைகல் காஷ்மீரி' என்ற பெயரில் நடித்தார், அவை எடுபடவில்லை. 1933இல் 'பூரன் பகத்'தில் பாடிய பஜனைகளும், 'யஹூதி கீ லட்கீ'யில் பாடிய, உருதுக் கவிஞர் காலிப்பின் கஜலும் பெயரைப் பரப்பின. 1935இல் பி.சி. பருவா இயக்கிய இந்தி 'தேவதாஸ்' அவரை நாடறியச் செய்தது.

இனிக் குரலுக்கு வருவோம். நாடக மேடையிலிருந்து வந்த பாடகர்கள் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும் என்று எட்டுக்கட்டையில் தொண்டையைத் திறந்து பாடிப் பழகியவர்கள். மைக்கின் முன்னும் அப்படியே பாடினார்கள். மைக்குக்குக் கத்தத் தேவையில்லை என்று முதலில் உணர்ந்தவர்களுள் தலையானவர் சைகல். 'தேவதாஸ்' படத்தின் 'துக் கே அப் தின் பீதத் நாஹீன்' பாட்டில் அவர் ஏறத்தாழப் பேசுகிறார்; அடிகளுக்கு நடுவே வருவது சிரிப்பா விம்மலா என்று பிரித்தறிய முடியாத ஒலி. மேடைப் பாடகர் எவரும் அதைச் செய்திருக்க முடியாது, ஏனெனில் மூன்றாவது வரிசையிலேயே அது கேட்டிராது. மூக்கொலி என்று நமக்குப் படுவதில் ஒரு பகுதி அவருடையது. பெரும்பகுதி, தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் பிடித்த அக்காலக் கருவியினுடையது. இதே தட்டுகளில் மற்றவர்கள் எப்படி ஒலிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தபின் தீர்ப்புச் சொல்வதே நியாயம்.

ஒரே ஒரு பாட்டை நெருங்கிக் கேட்பதென்றால் 1938இன் 'ஸ்ட்ரீட் சிங்கர்' படத்தில் வரும் 'பாபுல் மோரா'வைக் கேளுங்கள். பின்னணி முறை வந்து மூன்றாண்டு ஆகியும், தெருப்பாடகன் நடந்துகொண்டே பாடும் காட்சியை நேரடியாகவே எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சைகல் நடந்து பாட, கேமராவுக்கு எட்டாமல் மைக்கும் வாத்தியக்காரர்களும் கூடவே நகர்ந்தார்கள். பாட்டு பைரவி ராகத்துத் தும்ரி; தும்ரி என்பது இந்துஸ்தானி இசையில் உணர்ச்சியை முதன்மையாகக் கொண்ட ஒரு பாட்டு வகை. ஆங்கிலேயர் 1856இல் அரசைப் பறித்த பின் லக்னோவை விட்டுக் கல்கத்தாவின் மட்டியாபுர்ஜுக்கு வந்து வாழ்ந்த நவாப் வாஜித் அலி ஷா இயற்றியது. பிறந்த வீட்டை விட்டுப் போகிறேன், நான்கு பேர் பல்லக்கைத் தூக்குகிறார்கள் என்று மணப்பெண் தந்தையிடம் சொல்வதாகப் பாட்டு. பல்லக்கைப் பாடை என்றும் கொள்ளலாம். சைகல் அதில் தும்ரிக்காரர்களின் நீண்ட வேலைப்பாடுகள் எதையும் செய்வதில்லை. சொல்லை ஒருமுறை நேராகச் சொல்கிறார், மறுமுறை சற்றே வளைக்கிறார், விட்டுவிடுகிறார். பாட்டை இயற்றியவர் நாடிழந்து வாழ்ந்த நகரத்திலேயே படமும் எடுக்கப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் கனக்கிறது.

1940களின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வந்து ரஞ்சித் மூவிடோனில் 'பக்த சூர்தாஸ்', 'தான்சேன்' படங்களில் நடித்தார். நௌஷாத் இசையில் 1946இல் 'ஷாஜஹான்'. குடிப்பழக்கம் உடலைக் கெடுத்திருந்தது. 1947 ஜனவரி 18 அன்று ஜலந்தரில் 42 வயதில் மறைந்தார். மொத்தமாக அவர் பாடிப் பதிவானவை ஏறக்குறைய 185 பாட்டுகள்தாம்.

சைகல் தமிழில் பாடியிருக்கிறாரா?

ஆம். நியூ தியேட்டர்ஸ் 'தேவதாஸ்' கதையைத் தமிழிலும் எடுத்தது, பி.வி. ராவ் இயக்கிய அந்தப் படத்தில் சைகல் தமிழ்ப் பாட்டுகள் பாடினார். உச்சரிப்பில் குறை காண்பது எளிது. வங்காளி உச்சரிப்பையும் முயன்று கற்று அதில் பாடி அந்த ஊராரிடமே பெயர் வாங்கியவர் என்பதால் முயற்சிக்கு மதிப்பளிக்கலாம்.

இலங்கை வானொலியும் சைகலைத் தமிழ் காதுகளுக்குப் பழக்கப்படுத்தியது. அதன் இந்திச் சேவையில் காலை ஏழரைக்குத் தொடங்கிய பழைய படப்பாட்டு நிகழ்ச்சி, எட்டு மணிக்கு முன் சைகல் பாட்டோடுதான் முடிந்தது. இந்தி அறியாத வீடுகளிலும் அந்தக் குரலை வைத்தே மணி பார்த்தவர்கள் உண்டு.

கல்கத்தாவில் சைகலைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?

கே.சி. தேயை முதலில் சொல்ல வேண்டும். சிறுவயதிலேயே பார்வையிழந்தவர், திரையிலும் பார்வையற்ற பாடகராகவே தோன்றினார். வங்காளப் பக்திப் பாட்டான கீர்த்தன் மரபில் ஊறிய கனத்த குரல். 'தூப் சாவ்ன்' படத்தின் 'பாபா மன் கீ ஆங்கேன் கோல்', 'தேரி கட்ரீ மே லாகா சோர்' இரண்டும் பல ஆண்டுகள் தெருப்பாடகர்கள் வாயில் இருந்தன. மன்னா தே இவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. சிற்றப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே பம்பாய் வந்தவர்.

பங்கஜ் மல்லிக் இசையமைப்பாளர், பாடகர், கல்கத்தா வானொலியில் பாட்டு வகுப்பு நடத்திய ஆசிரியர். தாகூரின் பாட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கானன் தேவி சிறுமியாக ஊமைப் படத்தில் நுழைந்து, 1937இல் 'முக்தி', 'வித்யாபதி' படங்களால் முன்னணிக்கு வந்தார். 1942இல் 'ஜவாப்' படத்தில் பாடிய 'தூஃபான் மெயில்' இந்தியா முழுதும் ஒலித்தது. ரயிலின் தாளத்தை மெட்டாக்கிய பாட்டுகளில் அதற்கு இணையானது பின்னாளில் அதிகம் வரவில்லை என்பது என் எண்ணம்.

இவர்களின் மதிப்பை அரசு காலம் தாழ்த்தியாவது உணர்ந்தது. தாதாசாகேப் பால்கே விருதின் முதல் பத்தாண்டுப் பட்டியலில் தேவிகா ராணி, பி.என். சர்க்கார், பிருத்விராஜ் கபூர், பங்கஜ் மல்லிக், சுலோச்சனா, கானன் தேவி, நிதின் போஸ், ராய்சந்த் போரால் ஆகிய எட்டுப் பேரும் இடம்பெற்றிருக்கிறார்கள்.

பாடும் நடிகைகள் எங்கிருந்து வந்தார்கள்?

தொடக்கத்தில் பெரும்பாலும் பரம்பரையாகப் பாட்டும் ஆட்டமும் பயின்ற குடும்பங்களிலிருந்து. கஜ்ஜன், ஜத்தன்பாய் போன்றோர் தும்ரி, தாத்ரா, கஜல் மரபில் தேர்ந்தவர்கள். அவர்களுடைய முந்திய தலைமுறை இசைத்தட்டுகளில் பாடியிருந்தது. கௌஹர் ஜான் 1902இலேயே கல்கத்தாவில் தட்டுக்குப் பாடி, முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தவர். நம் தேவதாசி மரபினர் தமிழ்த் திரைக்கும் தட்டுக்கும் தந்ததை நினைத்தால் ஒப்புமை தானே புலப்படும். பாட்டு அவர்களுடையது, 'மரியாதை' வேறு யாருடையதோ. இந்த நன்றிகெட்ட கணக்கு இரண்டு ஊர்களிலும் ஒன்றுபோலத்தான் நடந்தது.

படித்த, 'உயர்' குடும்பத்துப் பெண்கள் வந்தபோது அதுவே செய்தியாயிற்று. பிரபாத் நிறுவனத்தின் 'அயோத்யா கா ராஜா'வில் 1932இல் துர்கா கோட்டே நடித்துப் பாடினார். அதே பிரபாத்தின் சாந்தா ஆப்தே தனி வகை. நின்ற இடத்தில் சிலைபோலப் பாடும் வழக்கத்தை உடைத்து, கையும் கண்ணும் பேசப் பாடியவர். 1937இல் வந்த 'துனியா ந மானே'யில் கிழவருக்கு மணமுடிக்கப்பட்டு எதிர்த்து நிற்கும் பெண்ணாக நடித்தார். லாங்ஃபெல்லோவின் ஆங்கிலக் கவிதையொன்றையும் அதில் பாடினார். அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. கடிகாரம், குடை, கிராமபோன் எனக் கதைக்குள் உள்ள பொருள்களின் சத்தமே இசையாக நிற்கிறது. ஒப்பந்தத் தகராறில் 1939இல் பிரபாத் ஸ்டூடியோவின் வாயிலில் உண்ணாவிரதம் இருந்தவரும் இவரே. 1941இல் தமிழ் 'சாவித்திரி'யில், எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடிக்க, சாவித்திரியாகத் தமிழ் கற்றுப் பேசிப் பாடினார்.

பெண் இசையமைப்பாளர்கள் அப்போதே இருந்தார்களா?

இருந்தார்கள், பின்னாளில்தான் அருகிப்போனார்கள். பிப்போ என்று அறியப்பட்ட இஷ்ரத் சுல்தானா 1934இலும், நடிகை நர்கிஸின் தாயாராகிய ஜத்தன்பாய் 1935இல் 'தலாஷே ஹக்' படத்திலும் இசையமைத்தார்கள். தொடர்ந்து இத்தொழிலிலேயே நிலைத்தவர் சரஸ்வதி தேவி. இயற்பெயர் குர்ஷீத் மினோச்சர் ஹோம்ஜி, பார்சி, இந்துஸ்தானி இசையறிஞர் பாத்கண்டேயிடம் பாட்டுப் பயின்றவர். பார்சிப் பெண்கள் சினிமாவில் சேர்வதைச் சமூகத் தலைவர்கள் கண்டித்ததால், பாம்பே டாக்கீஸின் ஹிமான்ஷு ராய் அக்காள் தங்கை இருவருக்கும் இந்துப் பெயர் சூட்டினார். எதிர்ப்பு அடங்கியது, ஆனால் அவருடைய சொந்தப் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

இசைத்தட்டில் கேட்பது படத்தில் வந்த அதே பதிவா?

1930களின் பாட்டுகளில் பெரும்பாலும் இல்லை. படத்தின் ஒலி படச்சுருளில் ஒளிவடிவில் இருந்தது. அதை அப்படியே தட்டுக்கு மாற்றுவதைவிட, பாடகரைத் தட்டு நிறுவனத்துக்கு அழைத்து மறுபடியும் பாடவைப்பதே வழக்கம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் இருபது நொடிதான் ஓடும். எனவே படத்தில் நீண்டு ஒலித்த பாட்டிலிருந்து ஓர் அடி போகும், வேகம் கூடும், வாத்தியம் மாறும். சில சமயங்களில் படத்தில் பாடியவர் ஒருவர், தட்டில் பாடியவர் வேறொருவர். ஆகவே 'படத்தில் கேட்டது வேறு மாதிரி இருந்ததே' என்று பெரியவர்கள் சொன்னால் நினைவுப் பிழை என்று தள்ளிவிட வேண்டாம்.

தட்டின் மேல் ஒட்டிய தாளையும் முழுதாக நம்ப முடியாது. பாடியவர் பெயருக்குப் பதில் கதாபாத்திரத்தின் பெயரை அச்சிடுவது 1940களின் இறுதிவரை நீடித்தது. 1949இல் 'மஹல்' படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' தட்டில் இருந்த பெயர் 'காமினி'. அது மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். வானொலிக்குக் கடிதங்கள் குவிந்த பிறகே லதா மங்கேஷ்கர் என்று வெளியே தெரிந்தது. 1931 முதல் வந்த படங்களின் பாட்டு விவரங்களைச் சரிபார்க்க, கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஸ்' பல ஆண்டு உழைத்துத் தொகுத்த 'இந்தி ஃபிலிம் கீத் கோஷ்' தொகுதிகளே கைகொடுக்கும்.

பாடும் நடிகர்களின் காலம் எப்போது முடிந்தது?

ஒரே நாளில் முடியவில்லை. 1941இல் லாகூரிலிருந்து வந்த 'கஜான்சி' படத்தில் குலாம் ஹைதரின் டோலக் தாளத்தோடு ஷம்ஷாத் பேகத்தின் குரல் ஒலித்தபோதே, திரையில் முகம் காட்டாத ஒருவர் பாட்டாலேயே புகழடைய முடியும் என்று தெரிந்துவிட்டது. 1943இன் 'கிஸ்மத்'தில் அமீர்பாய் கர்நாடகியும், 1944இன் 'ரத்தன்' படத்தில் ஜோராபாய் அம்பாலேவாலியும் அதை உறுதி செய்தார்கள். 1947இல் சைகல் மறைந்தார். நாட்டுப் பிரிவினையோடு, பாடி நடித்த நூர்ஜஹான் பாகிஸ்தான் போனார். எம்.எஸ். பாடி நடித்த 'மீரா'வின் இந்தி வடிவம், சரோஜினி நாயுடுவின் முன்னுரையோடு வந்ததும் அந்த ஆண்டுதான். 1949இல் லதாவின் குரல் எல்லா முகங்களுக்கும் பொருந்தத் தொடங்கியபின், பாடத் தெரிந்த நடிகையைத் தேடும் தேவை போயிற்று. நடிகை சுரையா மட்டும் 1960களின் தொடக்கம்வரை தம் குரலிலேயே பாடிக்கொண்டிருந்தார்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

படமாகவே கிடைப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். குரலைப் பாடுகிறவரின் முகத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் இக்காலம் பிடிபடும். 'அச்சூத் கன்யா', 'துனியா ந மானே', 'ஸ்ட்ரீட் சிங்கர்' மூன்றும் மூன்று நிறுவனங்களின் மூன்று போக்குகளைக் காட்டும். பிறகு தட்டுகளுக்குப் போகலாம்: கே.சி. தேயின் 'பாபா மன் கீ ஆங்கேன் கோல்', கானன் தேவியின் 'தூஃபான் மெயில்', பங்கஜ் மல்லிக்கின் 'பியா மிலன் கோ ஜானா'. இரைச்சலை முற்றிலும் நீக்கி மெருகேற்றிய பதிவுகளைவிடச் சற்றே கரகரக்கும் பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சலோடு சேர்த்துக் குரலின் மேல் முனையையும் அரிந்துவிடும் வேலை பல வெளியீடுகளில் நடந்திருக்கிறது. எதிரொலி சேர்த்து, புதிய தாளம் பூட்டி விற்கப்படும் சைகல் தொகுப்புகளைத் தொடவே வேண்டாம்.